யாருக்கு அந்தத் தொப்பி?

இலங்கையின் மிக உயரமான அருவி, 263 மீற்றர் பம்பரகந்த, பதுளை மாவட்டத்தில்தான் விழுகிறது. அதே மாவட்டத்துத் தோட்டங்களில் பீலிக்கரையில் குடங்கள் வரிசை பிடிக்கின்றன. மார்ச் 22, உலக நீர் தினம் வந்துவிட்டால், இந்த லயத்துச் சனத்துக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கத் தொண்டு நிறுவன வாகனம் மேடேறி வரும். பதாகை, தொப்பி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். ஒரே குடத்தில் சமையலும் கழுவலும் முடிக்கிற அக்காமார் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

பாடம் வேண்டியிருந்தது வேறிடத்தில். உமாஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசம்பரில் பாறைக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, சுவர்களில் வெடிப்பு விழுந்தது, பவுசர் வந்தது. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசியே வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார்: 120 மெகாவாட் மின்சாரம், தெற்கின் வறண்ட வயல்களுக்குத் தண்ணீர். நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் மலையின் வயிற்றில் ஓட்டை போட்டவர்களுக்கு, 'சொட்டுச் சொட்டாய்ச் சேமிப்போம்' என்று எழுதிய தொப்பியை யாராவது மாட்டினார்களா? சுரங்க வாசலிலேயே ஒரு செயலமர்வு வைத்திருக்கலாம். தேயிலை நாங்கள் கொடுத்திருப்போம். தண்ணீரை மட்டும் அவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும்.