ஔலியில ஓட்டல் போடு ராசா!

ஏ பேராண்டி, நீயும் உன் கூட்டாளிகளும் சேந்து ஔலியில ஓட்டல் கட்டப் போறதாக் கேள்விப்பட்டேன். உங்கம்மா ஒரு பாட்டம் அழுதா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கம்மாக்கரைப் புஞ்சையை வித்துட்டு இமயமலையில மனை வாங்குறவன் நம்ம வம்சத்துல இதுக்கு முன்ன பொறக்கல. தாராளமாப் போ. வியாபாரத்துக்குப் போறவன் விவரத்தோட போகணுமேன்னுதான் நாலு வார்த்தை சொல்லுதேன்.

ஔலிங்கிறது பனியில சறுக்குற மேடு. 8,000 அடியில தொடங்கி 10,000 அடி வரைக்கும் போகுது. அதைத் தாங்குறது கீழ இருக்கிற ஜோஷிமட். திருமங்கையாழ்வார் பாடுன திருப்பிரிதி இதுதான்னு சொல்லி நம்ம பக்கத்து ஆளுங்க போய்ச் சேவிச்சுட்டு வாராங்க. அங்க நரசிங்கப் பெருமாளுக்கு ஒரு கை வருசா வருசம் இளைச்சுக்கிட்டே வருதாம். அது முறிஞ்சு விழுற அன்னைக்கு மலைங்க சரிஞ்சு பத்ரிநாத் பாதை அடைபடும்னு ஊர்ச்சனம் நம்புது. நீ படிச்ச புள்ளை, சாமி சொன்னா நம்ப மாட்ட. சர்க்கார் சொன்னா நம்புவியா?

1976-ல கர்வால் கமிஷனர் மிஸ்ரா தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க. எப்பவோ சரிஞ்சு விழுந்த மண்ணும் கல்லும் குமிஞ்ச மேட்டு மேலதான் இந்த ஊரு உக்காந்திருக்கு, பெரிய கட்டடம் ஆகாது, பாறையைத் தோண்டாதீங்க, வெடி வைக்காதீங்க, மரம் நடுங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தத் தாளை ரொம்பப் பத்திரமா வச்சிருந்தாங்கப்பா. அதுல ஒரு கீறல் விழல. கீறல் விழுந்ததெல்லாம் வீட்டுச் சுவத்துலதான்.

2023 சனவரியில ஜோஷிமட்டுல 800-க்கு மேல கட்டடங்கள்ல வெடிப்பு விழுந்துச்சு. ரெண்டு ஓட்டல், கல்யாண வீட்டுல தண்ணியடிச்ச சம்பந்திங்க மாதிரி ஒண்ணு தோளுல ஒண்ணு சாஞ்சு நின்னுது. அப்புறம் இடிச்சு எடுத்தாங்க. இஸ்ரோக்காரங்க மேல இருந்து அளந்து பாத்து, 12 நாளுல 5.4 சென்டிமீட்டர் மண்ணு எறங்கியிருக்குன்னு படத்தோட போட்டாங்க. படம் வெளிய வந்த சூட்டுலயே காணாமப் போச்சு. எந்த நிறுவனமும் இதைப் பத்திப் பத்திரிகைக்குப் பேசக் கூடாதுன்னு பேரிடர் ஆணையத்துல இருந்து கடுதாசி. மண்ணு எறங்குறதை நிறுத்தத் தெரியல, சேதி ஏறுறதை நிறுத்தத் தெரிஞ்சிருக்கு.

யாரு காரணம்னு கேட்டா, மலைக்குள்ள சுரங்கம் தோண்டுற மின்சாரத் திட்டத்தை ஊரு கை காட்டுது. அவங்க, நாங்க இல்லைங்குதாங்க. அந்த வழக்கை அவங்க பாத்துக்கிடட்டும். நான் உன் கக்கூஸைப் பத்திக் கேக்குதேன். உன் ஓட்டல்ல 24 மணி நேரமும் சுடுதண்ணின்னு போர்டு போடுவ. குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, கழுவுன தண்ணி எல்லாம் எங்க போவும்? அந்த ஊருல ஒழுங்கான சாக்கடை கிடையாது. குழி வெட்டி மண்ணுக்குள்ளயே விடுதாங்க. இறுகிப் போன பாறையா இருந்தாத் தாங்கும். இது சரிஞ்சு குமிஞ்ச மண்ணு. தண்ணி உள்ள போகப் போக இளகும், சரிவோட சேந்து நழுவும். ஆக, விருந்தாளி எவ்வளவு சுத்தமாக் குளிக்கானோ, உன் அஸ்திவாரம் அவ்வளவு சீக்கிரமாக் கிளம்பும். பேசாம சுடுதண்ணியை ரத்து பண்ணு. மைனஸ் அஞ்சு டிகிரியில எவன் குளிக்கப் போறான்?

வீட்டை விட்டு வெளியேறுன குடும்பங்களுக்கு மாசம் 4,000 ரூவா வாடகைப் பணம்னு அப்ப அறிவிச்சாங்க, ஆறு மாசத்துக்கு. நீ சீசன்ல ஒரு ராத்திரிக்கு என்ன வாடகை போட்டிருக்க? ரெண்டையும் பக்கத்துல எழுதி வச்சுப் பாரு, லாபம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்.

அடுத்தது சரக்கு. உன் கடைச் சரக்கு பனி. அதை ஏத்தி அனுப்புறவன் மேல இருக்கான், ஆர்டர் போட முடியாது. பனி பத்தாம 2023 பிப்ரவரியில ஔலியில நடக்க இருந்த தேசியக் குளிர்காலப் போட்டியையே ரத்து பண்ணுனாங்க. காஷ்மீரத்து குல்மர்க்குலயும் 2025 பிப்ரவரியில அதே கதை, போட்டி தள்ளிப் போச்சு. மெஷின் வச்சுப் பனி அடிக்கலாம்பே. ஔலியிலேயே 2011 தெற்காசியப் போட்டிக்காக மெஷின் எறக்குனாங்க, குளம் வெட்டுனாங்க. மெஷினுக்கும் குளிரு வேணுமே ராசா. காத்து பூச்சியத்தை ஒட்டியாவது எறங்கலன்னா அது வெறும் தண்ணிதான் தெளிக்கும். அதுக்குத் தோட்டத்துக் குழாயே போதும். பிரான்சு தேசத்துல லூஷோன்னு ஒரு ஊரு. 2020-ல ஹெலிகாப்டர் வச்சு, மலை உச்சியில இருந்து 50 டன் பனியை அள்ளிக் கீழ கொட்டிச் சறுக்குனாங்க. புகையை விட்டு உலகத்தைச் சூடாக்கி, அதே புகையை விட்டுப் பனி சுமந்தாங்க. அந்த மூளை உனக்கும் இருக்கு, நீ பொழைச்சுக்குவ.

பனி இல்லாத மாசத்துக்குக் கல்யாணம் இருக்கவே இருக்கு. 2019 சூன்ல தென்னாப்பிரிக்காவுல பேர் போன குப்தா குடும்பம் ஔலியில ரெண்டு கல்யாணம் வச்சுது. 200 கோடின்னு பத்திரிகையில எழுதுனாங்க. சுற்றுச்சூழலுக்குச் சேதம் வந்தா ஈடு கட்ட 3 கோடி முன்பணமாக் கட்டுன்னு ஹைகோர்ட் சொல்ல வேண்டி வந்துச்சு. பந்தி முடிஞ்சதும் மாப்பிள்ளை பொண்ணு கெளம்பியாச்சு, குப்பை கெளம்பல. ஜோஷிமட் நகராட்சிக்காரங்கதான் டன் கணக்குல அள்ளுனாங்க.

பனி கூடிப்போனா அது வேற தொல்லை. 2023 பிப்ரவரி 1-ம் தேதி குல்மர்க்குல போலந்துக்காரங்க ரெண்டு பேரு பனிச்சரிவுல போய்ட்டாங்க. சறுக்க வாரவன் தெரிஞ்சே வாரான். 2025 பிப்ரவரி 28-ல மாணா பக்கம் கன்டெய்னர்ப் பெட்டியில தங்கி எல்லைச் சாலைப் பனியை வழிச்சுக்கிட்டிருந்த 54 பேரு மேல மலை எறங்குச்சே, அவங்களா விளையாட வந்தாங்க? எட்டுப் பேரு செத்தாங்க. அந்தப் பாதை ஜோஷிமட்டுல இருந்து மேக்கொண்டு போற பாதைதான். உன் விருந்தாளி பத்ரிநாத் தாண்டி ஒரு எட்டு பாத்துட்டு வாரேம்பான். அவனுக்கு வழி விடுறது இவங்க.

சரி, நான் தடுக்கல. அட்வான்ஸ் குடுத்துட்டதா உன் அப்பன் சொன்னான். கிரயம் பண்றதுக்கு முன்ன, இடம் விக்கிற ஆளுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: இந்தக் காசை வச்சு நீ எங்க வீடு கட்டப் போறன்னு. டேராடூன்லன்னு சொன்னான்னு வையி, சண்டை போடாத. அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே நமக்கும் ஒரு மனை பாக்கச் சொல்லு.