மதகு குறுக்க வந்த கதை

உன்மேல ஒரு தப்பும் இல்ல மாப்ள. அந்த மதகு உங்க தாத்தா காலத்துலேருந்து அசையாம கிடந்தது. நேத்து ராத்திரி உன் வண்டி வெளிச்சத்தைக் கண்டதும் எழுந்து குறுக்க வந்திருக்கு. அதுக்கு நீ என்ன பண்ணுவே? "ஸ்டியரிங் லேசா இடப்பக்கம் சாஞ்சிருக்கு மாமா, மத்தபடி நல்லா ஓடுது"ங்கற. ஓடும் மாப்ள. நேரா ஓடுதாங்கறதுதான் விஷயம்.

விடியக்காலையிலயே திருநள்ளாறு போய் நளதீர்த்தத்துல முழுகி, எள்ளு தீபமும் போட்டுட்டு வந்துட்டியாமே. நல்ல காரியம். இஞ்ச நம்ம பத்ரகாளிக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வச்சுடு. ரெண்டு சாமியும் உன்னைக் காப்பாத்தும். டை ராடை நிமிர்த்தித் தராது.

திருவாரூர் ஆழித்தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. திருச்சி பெல் கம்பெனிக்காரங்க இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பண்ணிக் குடுத்தாங்க. இருந்தும் வீதி திரும்பணும்னா இன்னிக்கும் முட்டுக்கட்டைதான். உன் வண்டிக்கு கம்பெனிக்காரன் நல்ல ஸ்டியரிங்காத்தான் வச்சுக் குடுத்தான். நீ என்னமோ மதகை முட்டுக்கட்டையாக்கி தேர் ஓட்டியிருக்கே.

அடுத்து நீ போற இடமும் எனக்குத் தெரியும். காரைக்கால்ல கம்ப்யூட்டர் அலைன்மென்ட் போர்டு தொங்கற கடை. மதகுக் கதையை மூச்சு விடமாட்டே. "லேசா இழுக்குது, பாருங்கண்ணே"ம்பே. அவன் நாலு சக்கரத்துலயும் தட்டை மாட்டுவான், திரையில செவப்பு செவப்பா நம்பர் வரும். அடியில போய் டை ராடு நட்டைத் தளர்த்தி நாலு திருகு திருகினா செவப்பு பச்சையாயிடும். நீயும் காசைக் குடுத்துட்டு வருவே. உள்ள வளைஞ்ச சாமான் வளைஞ்சபடியே கிடக்கும். டாக்டர்கிட்ட வயித்துவலியைச் சொல்லிட்டு, என்ன தின்னோம்னு மறைச்சா எப்படி?

எதைத் திருகறதுக்கும் முன்னாடி எது வளைஞ்சிருக்குன்னு பாரு. அதுக்கு கொத்தனாரோட தூக்குக் குண்டு, ஒரு டேப்பு, ஸ்கேலு, ஜாக்கி இருந்தா போதும்.

முதல்ல மண்ணைக் கழுவு. சிரிக்காதே. நம்ம கடைமடைக் களிமண்ணு ரிம்முக்கு உள்பக்கமா அப்பிக் காஞ்சுடுச்சுன்னா, 70, 80 வேகத்துல ஸ்டியரிங் உதறு உதறுன்னு உதறும். அதுக்கு ரிம்மை மாத்தி, பேரிங்கை மாத்தி, கடைசியில தண்ணி அடிச்சதும் சரியாப் போன புண்ணியவான்கள் உண்டு. குச்சியை விட்டு சுரண்டி எடு.

கழுவினதும் டயரைப் பாரு. வெளிப்பக்கத்தை எல்லாரும் பார்ப்பான், நீ டார்ச்சு அடிச்சு உள்பக்கச் சுவரைப் பாரு. மதகு விளிம்பு கடிச்ச இடத்துல உள்ள இருக்கற நூலு அறுந்து, காத்து கொப்புளமாத் தள்ளியிருக்கும். அந்த டயரை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு எவனாவது சொன்னா, அவன் உனக்குப் பங்காளி.

வண்டியைத் தூக்கறப்ப ஜாக்கியை மட்டும் நம்பாதே. அணை குடுத்துட்டு வேலையைப் பாரு, அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆடினா பால் ஜாயிண்டு, இல்ல பேரிங். அப்புறம் ரெண்டு பக்கவாட்டுலயும் பிடிச்சு ஆட்டு. காதுக்குக் கேக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கைக்கு ஒரு 'டக்' தெரியும். அது டை ராடு எண்டு. ஒரு குச்சியை ரிம்மு ஓரமா நட்டு வச்சு சக்கரத்தைச் சுத்திவிடு. குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவுல சந்து கூடிக் குறைஞ்சா ரிம்மு வளைஞ்சிருக்கு.

சத்தம்னதும் ஞாபகம் வருது. பள்ளத்துல இறங்கறப்ப முன்னாடி கடகடன்னா லிங்க் ராடு, புஷ்ஷு அப்படி ஏதாவது இருக்கும். பின்னாடி டிக்கியில 'கிளிங் கிளிங்'னு கேட்டா அது சஸ்பென்ஷன் இல்ல மாப்ள. நான் ஒண்ணும் கேக்கல. தார் ரோடு இருக்கையில ராத்திரி வாய்க்கால் கரையில ஏன் வண்டியை விட்டேன்னும் கேக்கல. புதுச்சேரிக் கணக்குல வரி கம்மி, பேரளம் பக்கம் தாண்டினா ஜாஸ்தி, நடுவுல சோதனைச் சாவடி. கரையோரமா காத்து வாங்கணும்னு நாலு பேருக்குத் தோணத்தான் செய்யும்.

வண்டியை இறக்கினதும் அளக்காதே. பத்தடி முன்னும் பின்னும் உருட்டினாத்தான் சக்கரம் தன் இடத்துல உக்காரும். நெல்லு காயவைக்கிற சிமெண்டுக் களத்துல நிறுத்து, ஸ்டியரிங்கை விட்டுட்டு சக்கரத்தை நேரா வை. மட்காடு விளிம்புலேர்ந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுலேர்ந்து ரிம்மோட மேல் விளிம்பு எவ்வளவு, கீழ் விளிம்பு எவ்வளவுன்னு ஸ்கேலை வை. அடுத்த பக்கமும் அதே மாதிரி. ரெண்டு பக்கமும் ஒத்துப்போவுதான்னு பார்த்தா போதும், கம்பெனி அளவெல்லாம் வேண்டாம். சக்கரத்தோட இந்தச் சாய்வைத்தான் கேம்பர்ங்கறான். உன் வண்டி மாதிரி சின்ன கார்ல பெரும்பாலும் டோ, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு, அது ஒண்ணைத்தான் திருகலாம். கேம்பருக்குத் திருகாணியே வச்சிருக்க மாட்டான். அப்ப கேம்பர் மாறியிருந்தா லோயர் ஆர்மோ, ஸ்ட்ரட்டோ, நக்கிளோ ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம்.

டேப்பைப் பிடிச்சு முன் சக்கர நடுவுலேர்ந்து பின் சக்கர நடுவு வரைக்கும் ரெண்டு பக்கமும் அள. அடிபட்ட பக்கம் விரல்கடை குறைஞ்சா முன் சக்கரம் பின்னுக்குப் போயிருக்கு. ஆர்மைக் கழட்டிப் பாரு. ஆர்ம் நல்லா இருந்தா அதைத் தாங்கற கிராஸ் மெம்பரே நகர்ந்திருக்கலாம், அது பெரிய வைத்தியம்.

பின் சக்கரத்தை எவனும் சந்தேகப்பட மாட்டான். முன் சக்கரம் ஏறின மதகுல அது மட்டும் பறந்தா வந்திருக்கும்? பின் அச்சு கோணிக்கிச்சுன்னா வண்டி ஒருக்களிச்சே போகும், அதை நேராக்கறதுக்கு நீ ஸ்டியரிங்கைக் கோணலாவே பிடிச்சிருப்பே. முன்னாடி டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கிட்டா கண்ணுக்கு அழகா இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டியரிங் கோணல் வேற, வண்டி ஒரு பக்கம் வாங்கறது வேற, ரெண்டையும் குழப்பிக்காதே. வாங்குதுன்னா முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் போடு. இழுப்பும் பக்கம் மாறினா குத்தம் டயர்ல. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து ரிம்மைத் தொட்டுப் பாரு. ஒண்ணு மட்டும் கொதிச்சா பிரேக்கு பிடிச்சுக்கிட்டு இருக்கு. திருப்பத்துல ஸ்டியரிங்கைத் தளர்த்தினா அதுவா நடுவுக்கு வரணும். ஒரு பக்கத்துலேர்ந்து வந்து, மறுபக்கத்துலேர்ந்து சண்டித்தனம் பண்ணினா காஸ்டர்ல, அதாவது ஸ்டியரிங் அச்சோட முன்பின் சாய்வுல, கோளாறு. நம்ம ரோடே வாய்க்கால் பக்கம் சாஞ்சுதான் இருக்கும், அதனால லேசா இடப்பக்கம் நழுவறதை வச்சு வண்டியைத் திட்டாதே.

பட்டறையில சூடு காட்டி நிமிர்த்தித் தரேன்னு ஒருத்தன் வருவான். நல்ல கைக்காரன்தான். கதவுக் கொக்கியைக் குடு, நிமிர்த்தட்டும். டை ராடும் நக்கிளும் சூடு கண்டா பதம் போயிடும். அப்புறம் ஒருநாள் ஸ்டியரிங் உன் கையில இருக்கும், சக்கரம் தன் போக்குல போவும். டை ராடு என்ன தங்கமா? மெட்ராஸ்ல ராணே கம்பெனி 60 வருஷத்துக்கு மேல ஸ்டியரிங் சாமான் செய்யறான். புதுசு வாங்கிப் போடு.

வளைஞ்சதை மாத்தின பிறகு அந்த அலைன்மென்ட் கடைக்குப் போ. மதகு, கரை, எந்தப் பக்கம் அடிபட்டுச்சு, எல்லாத்தையும் சொல்லு. திருகறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு, பின்னாடி ஒரு சீட்டு கேட்டு வாங்கு. டை ராடுல மரை இடது வலது எவ்வளவு வெளியில தெரியுதுன்னு குனிஞ்சு பாரு. ஒரு பக்கம் ரொம்பத் தெரிஞ்சா எங்கயோ வளைவை மறைச்சிருக்கான்.

ஆங், இன்னொண்ணு. டிக்கியில பாரம் இருந்தா பின்பக்கம் அமுங்கி அளவு தப்பா வரும், காலி வண்டியாத்தான் ஏத்தணும். சாவியைக் குடுத்துட்டு நீ போய் சாப்பிடு. டிக்கியை நானே காலி பண்ணி வைக்கிறேன்.