தூண்கள் நலம், சீலிங் சொட்டுகிறது

பெறுநர்: கட்டட, கட்டுமான ஆணையம், சிங்கப்பூர்
அனுப்புநர்: ஜாலான் புசாரில் பழைய புளோக் ஒன்றின் ஐந்தாம் மாடிவாசி
பொருள்: என் சமையலறை சீலிங். (அது உங்கள் இலாகா இல்லை என்று தெரியும். இருந்தாலும் படித்துவிடுங்கள்.)

ஐயா / அம்மா,

தூண்கள் நலம். உங்கள் புண்ணியத்தில் புளோக் நேராகவே நிற்கிறது. நலமில்லாதவன் நான்தான்.

போன வருடம் இந்த மறுவிற்பனை வீட்டைக் குடும்பத்தோடு பார்க்க வந்தோம். நிலைவாசல் கிழக்கா என்று பார்த்தேன், கிழக்குதான். சாமி மாடத்துக்கு ஈசானிய மூலை காலியாக இருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலும் தேக்கா மீன் சந்தையும் நடக்கிற தூரம் என்று மனைவி கணக்குப் போட்டாள். அத்தை குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைச் சோதித்தார். நாலு ஜோடிக் கண்களில் ஒன்றுகூட மேலே போகவில்லை. "சீலிங்குக்கு இப்பதான் பெயின்ட் அடிச்சாங்க, அண்ணே" என்றார் ஏஜென்ட். அதையும் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன். வீடு முழுக்கப் பழுப்பேறிக் கிடக்க, சீலிங் மட்டும் பளிச்சென்று வெள்ளை. எண்பது வயதுக் கிழவர் மீசைக்கு மட்டும் மை தடவி வந்தால் சந்தேகப்பட மாட்டோமா? நான் படவில்லை.

பால் காய்ச்சிய அன்று, பால் பொங்குகிற நேரத்தில், மேலிருந்து ஒரு சொட்டு சரியாகப் பாத்திரத்துக்குள் விழுந்தது. "வருண பகவான் ஆசீர்வாதம்" என்றார் அத்தை. ஆசீர்வாதம் அன்றிலிருந்து நிற்கவில்லை. பெயின்ட் உரிந்தது, அதன் பின்னால் காங்கிரீட் பெயர்ந்தது. ஈரம் பட்ட கம்பி துருப்பிடித்து உப்பினால், மேலே பூசிய காங்கிரீட்டைத் தள்ளிவிடும் என்பதை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன். வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

"அதிகாரி வந்து பரிசோதித்த பிறகுதானே வீடு கைமாறுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த நம்பிக்கையில்தான் நானும் இருந்தேன். மறுவிற்பனையின்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பரிசோதிப்பது, விற்பவர் அனுமதி இல்லாமல் சுவரை இடித்தாரா, எதையாவது ஒட்டுப்போட்டாரா என்பதைத்தான். வீடு ஒழுகுமா என்பது அதில் வராது. மாப்பிள்ளைமேல் போலீஸ் வழக்கு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குறட்டை விடுவாரா என்று கேட்க மறந்த கதை. ஆயிரம் வெள்ளிக்குள் முன்பணம் கொடுத்தால் 21 நாள் யோசிக்கலாம் என்கிறது விதி. யோசித்தேன். வங்கிக் கடனையும் கிரகப்பிரவேச முகூர்த்தத்தையும் பற்றி.

சொட்டு விழுந்த பிறகு இலாகாக்களை அறிந்துகொண்டேன். தூண் உங்களுடையது. லிஃப்டும் நடைபாதையும் நகர மன்றத்துடையது. எதிர்ச் சாரியில் இருக்கும் பாரம்பரியக் கடைவீட்டின் முகப்பில் கைவைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தைக் கேட்க வேண்டும். குழாய்க்காரருக்கு உரிமம் தருவது பொதுப் பயனீட்டுக் கழகம். சொட்டு மட்டும் என் சொந்தம், அதாவது எனக்கும் மேல்வீட்டுச் சீனப் பாட்டிக்கும். "ஆயிர் போச்சோர்" (தண்ணீர் ஒழுகுகிறது) என்று எனக்குத் தெரிந்த பாசார் மலாயில் அவரிடம் முறையிட்டேன். "பழைய வீடு அப்படித்தான்" என்று அதே மலாயில் ஆறுதல் சொன்னார். பழுதுபார்க்கும் செலவில் பாதியை வீவக உதவித் திட்டம் ஏற்கும். மீதியில் ஆளுக்குப் பாதி. ஆக, செலவழிக்க மூன்று தரப்பு தயார். வாங்கும் முன் அண்ணாந்து பார்க்கத்தான் ஆளில்லை.

உங்களைக் கிண்டல் செய்யவும் மனம் வரவில்லை. காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜாலான் புசாரிலிருந்து கிச்சனர் ரோடு வழியே சிராங்கூன் ரோட்டுக்கு நடந்து, ஓவன் ரோடு முனையில் நின்றால் இன்று வேறொரு ஹோட்டல் தெரியும். 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை பதினொன்றரைக்குச் சற்று முன்பு வரை அங்கே லியான் யாக் கட்டடம் இருந்தது. ஊர் வாயில் அது நியூ வோர்ல்ட் ஹோட்டல். ஒரு நிமிடத்துக்குள் ஆறு மாடியும் சரிந்தது. 33 பேர் மாண்டார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்களும் இடிபாட்டுக்குள் குடைந்து இறங்கினார்கள்; 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விசாரணையில் தெரிந்தது: உள்ளே வரும் ஆட்கள், சாமான்கள் எடையை எல்லாம் கணக்கில் எடுத்தவர், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. 1971இல் எழும்பிய கட்டடம், தன்னைத் தானே தாங்க முடியாமல் பதினைந்து ஆண்டு நின்றிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் 1989இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒருவர் போட்ட கணக்கைச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றானது. கட்டி முடித்த பிறகும் குடியிருப்புக் கட்டடத்தைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும், மற்றவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் பார்க்கிறார். 2022இலிருந்து, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த, 20 வயது தாண்டிய கட்டடங்களின் வெளிச்சுவரையும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வைக்கிறீர்கள். (இரண்டு மாடிக் கடைவீடுகள் பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டாது. அவற்றின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் நடக்கும்போது மட்டும் நான் தவறாமல் மேலே பார்க்கிறேன்.)

ஆக, புளோக்கின் வெளிச்சுவரைக்கூட அண்ணாந்து பார்க்கும் நாட்டில், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குகிற வீட்டைப் பதினைந்து நிமிடத்தில் நானே பார்த்து முடித்துவிட்டேன். புதுவீடு வாங்கும் பிள்ளைகளாவது விவரமானவர்கள். சாவி கையில் வந்ததும் காசை வைத்துத் தரைக்கல்லைத் தட்டி, 'டொக்' என்றால் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். குறைகளைச் சரிசெய்ய ஓர் ஆண்டு தவணையும் உண்டு. பழைய வீட்டுக்காரனுக்குத் தவணை கிடையாது, கண்டது கண்டபடி. ஸ்காட்லாந்தில் 2008இலிருந்து, வீட்டின் நிலை பற்றி நிபுணர் எழுதிய அறிக்கையை விற்பவரே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே வீடு வாங்குபவர் சீலிங்கைப் பற்றித் தாளிலேயே படித்துவிடுகிறார்.

கோரிக்கை ஒன்றுதான். தூணின் கணக்கை இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் நீங்கள். சீலிங்குக்கும் ஒரு ஜோடி கேட்டு, உரிய இலாகாவுக்கு நாலு வரி எழுதுங்கள். எது உரிய இலாகா என்பதையும் நீங்களே கண்டுபிடித்தால் நலம், எனக்கு முடியவில்லை.

இப்படிக்கு,
கையில் வாளியுடன்,
ஐந்தாம் மாடிவாசி

பி.கு.: நேரில் வருவதானால் காலை ஆறரைக்கு வாருங்கள். மேல்வீட்டுப் பாட்டி குளிப்பது அப்போதுதான்.