நெத்திலி டப்பாவும் தீப்பெட்டி ராஜாவும்

1999-ல் வந்த 'ஃப்யூச்சராமா' கார்ட்டூனின் முதல் சீசனில் ஒரு கதை. பீட்சா டெலிவரி பையன் ஃப்ரை உறைந்துபோய், ஆயிரம் வருஷம் தூங்கி எழுகிறான். பேங்கில் மறந்து விட்டிருந்த 93 சென்ட், இரண்டேகால் சதவீத வட்டியில் 430 கோடி டாலராகக் குட்டி போட்டிருக்கிறது. (கணக்கு சரிதான், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.) நம்மூர் ஆளாக இருந்தால் முதலில் மனை வாங்கியிருப்பான். இவன் உலகத்தின் கடைசி நெத்திலி டப்பாவை 5 கோடி டாலருக்கு ஏலம் எடுக்கிறான். காசிமேட்டு மீன் சந்தையில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

எதிர்த்து ஏலம் கேட்ட கிழவியின் பெயர் மாம். ரோபோ எண்ணெய் விற்கும் முதலாளியம்மா. ஊருக்குப் பாசக்காரப் பாட்டி. வீட்டில் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக அறைகிற ராட்சசி. நெத்திலி எண்ணெய் விட்டால் ரோபோ ஆயுசுக்கும் ஓடுமாம், தன் கடை படுத்துவிடுமாம். அந்தப் பயம்.

வடசென்னை விம்கோ நகர்க்காரனுக்கு இந்த அம்மா புதுசில்லை. எங்கள் கதையில் அவள் ஆண்பிள்ளை: ஸ்வீடன் தீப்பெட்டி ராஜா இவார் க்ரூகர். கடனில் முங்கிய அரசாங்கங்களுக்குப் பணம் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டில் அடுப்பு பற்றவைக்க அவர் குச்சியைத்தான் உரச வேண்டும். அவருடைய ஸ்வீடிஷ் மேட்ச் 1923-ல் இங்கே தொடங்கியதுதான் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. திருவொற்றியூரில் ஆலை வைத்தது, பக்கத்து நகருக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதர் இத்தாலி அரசுப் பத்திரங்களைத் தானே அச்சடிக்க வைத்து, கையெழுத்தையும் தானே போட்டவர். 1932 மார்ச்சில் பாரிஸில் தன்னைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தார்கள். முழுக்க ஓட்டை.

அவர் கம்பெனிக்கு இங்கே நெத்திலியாக வாய்த்தது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். கைத்தொழிலுக்கு அரசு வரிச்சலுகையும் கொடுக்க, மெஷின் கம்பெனியான விம்கோவுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கைகளில் பல குழந்தைகளுடையவை என்பதை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2005-ல் விம்கோ ஐடிசி வசம் போனது.

ஃப்ரையின் கோளாறு வேறு, பழசின் மேல் மோகம். ஆசை ஆசையாக நெத்திலி பீட்சா போட்டுக் கொடுக்கிறான்; சிநேகிதர்கள் துப்புகிறார்கள். வேற்றுக்கிரக நண்டு டாக்டர் ஸாய்ட்பெர்க் மட்டும் இன்னும் இருக்கா என்று பாய்கிறார். நெத்திலியைப் பூமியில் தின்றே தீர்த்தது அவர் இனம்தான்!

என்னைக் கேட்டால் ஃப்ரையே மேல். தன் முட்டாள்தனத்துக்குச் சொந்தக் காசைச் செலவழித்தான். க்ரூகர் அழித்தது ஊரார் காசை. இருந்தும் 2021 பிப்ரவரியில் எங்கள் விம்கோ நகருக்கு மெட்ரோ வந்தபோது, ஸ்டேஷன் போர்டில் ஏறியது க்ரூகர் கம்பெனியின் பெயர்தான்.