கருவேலங்காட்டில் கடல் தூண்டில்

உப்புத்தண்ணீருக்கு எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் பஞ்சமே இல்லை. சில ஊர்களில் போர்வெல்லைத் தட்டினால் போதும், உப்புப் போடாமலே சோறு வடிக்கலாம். கடல்தான் இல்லை. கடலுக்கு வழி மட்டும் வரைபடத்தில் இருக்கிறது. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு கமுதிப் பக்கமாகப் போய் மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஓடும், கலக்கும் என்பதெல்லாம் பாடப்புத்தக மரியாதை. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். காவிரித் தண்ணீரைக் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டத்துக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். காத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவனுக்கு ஃப்ளை ஃபிஷிங் பித்துப் பிடித்தால் ஜாதகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நம் தூண்டிலில் புழு உண்டு, ஈயக்குண்டு உண்டு. குண்டின் கனத்தில் நரம்பு பறக்கும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது இறகும் முடியும், ஊதினால் போய்விடும். கனமெல்லாம் கயிற்றில். அந்தத் தடித்த கயிற்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, அது நீளும் வேகத்திலேயே இறகைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்க வேண்டும். மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி ஆற்றுமீன் பிடித்ததைச் சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். கடலில் பாரை, ஊளி போன்ற முரடர்களுக்குச் சாளைக்குஞ்சு மாதிரி தெரிகிற இறகு வேண்டும். அமெரிக்காவின் பாப் க்ளவுசர் 1980-களில் மான்வால் முடியையும் ஈயக் கண்களையும் வைத்துக் கட்டிய ஒன்று இன்றும் கடல் கடலாகப் போய்வருகிறது.

நான் மான்வாலுக்கு ஆசைப்பட்டால் வனத்துறை எனக்குத் தூண்டில் போடும். வெள்ளாட்டு வால் போதும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் இனாம். “வால வச்சு என்னய்யா வைக்கப் போற, ரசமா?” என்றார் கடைக்கார அண்ணன். சேவல் இறகுக்குக் குறைவில்லை. மயிலிறகோ நிலக்கடலைக் காட்டில் தானே உதிர்ந்து கிடக்கிறது, விதைத்ததைக் கொத்தித் தின்றதற்கு வாடகையாக. கட்ட நூலுக்கு நெசவு ஊரில் அலைவார்களா? கடல் தூண்டிலுக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அருப்புக்கோட்டையில் கிடைக்கிறது. தண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

வீசிப் பழகத் தண்ணீர் வேண்டாம். வெளிநாட்டில் புல்வெளியில் பழகுகிறார்கள், எங்களுக்குக் கண்மாய். சித்திரைமாதக் கண்மாய் அளவுக்கு விசாலமான மைதானம் எந்தப் பணக்கார கிளப்பிலும் கிடையாது. ஒரே இடைஞ்சல் சீமைக்கருவேலம். முன்னால் எவ்வளவு வெட்டவெளி இருந்தாலும், கயிறு பின்னால் போகிற இடத்தில் அது வந்து நிற்கும். நான் பிடித்தவற்றில் கருவேலங்கிளைக்கே முதலிடம். அடுத்தது என் காது. அதற்கும் அடுத்தது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் தலைத்துண்டு. நிதானமாகத் துண்டை முள்ளிலிருந்து விடுவித்துக்கொண்டே கேட்டார்:

“ஏப்பா, கம்மாயில தண்ணி எப்ப வந்துச்சு?”

“வரல பெரியப்பா. பழகுறேன்.”

“நல்லாப் பழகு. மீனுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

கிண்டலுக்கு உரிமை உள்ளவர் அவர். எங்கள் சீமையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நிற்கும் பெரிய மனிதர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளோடு இறங்கிவிடும். விரால், கெளுத்தி, ஜிலேபி எதுவும் தப்பாது. முழங்கால் சேற்றில் மீனும் மனிதரும் முட்டிக்கொள்கிற அந்த நேரத்தில் இறகைக் காட்டி ஏமாற்ற யாருக்கு அவகாசம்?

எனக்கு லீவு கிடைத்தது ஆனியில். சாயல்குடி வழியாக மூக்கையூர் போய்ச் சேர்ந்தேன். மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அந்தப் பக்கம் சொல்வார்கள். காரணம் ஆனியில் போய் நின்றால் விளங்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் ஆண்கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலங்கி, மீன் இறகைப் பார்ப்பது இருக்கட்டும், எனக்கே தெரியவில்லை. இங்கே ஏற்றவற்றமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், படங்களில் வருவதுபோல் வற்றிய திட்டில் வெகுதூரம் நடந்துபோய் மீனைக் கண்ணால் பார்த்து வீசுகிற பாக்கியமும் குறைவு. தீவுப்பக்கம் ஆழமில்லாத திட்டுகள் உண்டு. ஆனால் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தூண்டிலோடு போனால் வழக்கோடு திரும்பலாம்.

கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார். “தம்பி, இந்தக் காத்துக்கு நாங்களே வள்ளம் தள்ளல. நீங்க கோழி எறகோட வந்து நிக்கிறீங்க.”

அப்போதுதான் விரல் நீளக் கீச்சான் ஒன்று மாட்டியது. அது இறகைக் கடித்ததா, இறகு அதன்மேல் போய் விழுந்ததா என்பது கீச்சானுக்கே வெளிச்சம். இந்த விளையாட்டின் மரபுப்படி பக்குவமாகத் தண்ணீரில் விட்டேன். பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். “புடிச்சத விடுறதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீங்க?”

இதில் நான் பெரியவர் கட்சி. பிடித்து விடுகிற தர்மமெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் மீன்பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினால், பஸ் ஊர் எல்லையைத் தாண்டுமுன் மசாலா அரைபட்டிருக்கும். அந்த மசாலாவுக்கு யார் பதில் சொல்வது? நல்லவேளையாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் முடிந்து மீன்விலை இறங்கியிருந்தது. சாயல்குடியில் இறங்கிச் சாளை வாங்கினேன். எந்த இறகில் சிக்கியது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் போவதென்றால் மாசி, பங்குனியில் போங்கள். மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். காதை மூடும் தொப்பி அவசியம். ஆட்டுமுடி, சேவல் இறகு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். மயிலிறகை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது.