சட்டையில் ஒரு வாடகைதாரர்

கேள்வி: எங்கள் ஊரில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸ் இந்திய அணியின் சட்டையில் ஏறிவிட்டது. பாதியில் இறங்கிய ட்ரீம் லெவனிடம் கிரிக்கெட் வாரியம் நஷ்டஈடு கறந்திருக்கலாமே? (ஒரு வாசகர், ஒரகடம்)

பதில்: எதற்கு? ட்ரீம் லெவன் ஓடிப்போகவில்லை. அதைப் போல, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக் கடைகளுக்கு 2025 ஆகஸ்டில் சட்டமே பூட்டுப் போட்டது. சரி, ஒப்பந்த மீறல் என்றே வைத்துக்கொள்வோம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு உங்கள் கோபத்துக்கு விலை போடாது. நேர்ந்த இழப்புக்குத்தான் போடும். அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்றும் கேட்கும். போன வாடகைதாரர் மூன்று ஆண்டுக்குப் பேசியது 358 கோடி. அடுத்த மாதமே வந்த அப்போலோ சுமார் இரண்டரை ஆண்டுக்கு 579 கோடி! வாடகை ஏறிய பிறகு வீடு காலியானதே என்று அழுதால் நீதிபதி சிரிப்பார். மிஞ்சுவது, ஆசியக் கோப்பையில் சட்டை வெறுமையாகக் கிடந்த சில வாரங்கள்தான். அபராதத் தொகையை முன்பே எழுதி வைத்திருந்தாலும், 74-ஆவது பிரிவுப்படி அது உச்சவரம்பு மட்டுமே.

ட்ரீம் லெவனுக்கு முன் அதே சட்டையில் குடியிருந்த பைஜூஸ் கதை வேறு. அது நஷ்டக் கணக்கல்ல, நேரடிப் பாக்கி. சுமார் 158 கோடிக்காக வாரியம் போட்ட திவால் மனுவை, 2024 ஜூலையில் தீர்ப்பாயம் ஏற்றது.