ஆணியடிக்காத அண்ணன்

வளைகுடாவில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு கடியப்பட்டணத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. வீட்டுக்குள் சுத்தியல் வரக்கூடாது என்பது அண்ணனின் பதினோராவது கட்டளை. இரண்டு கை புட்டி, ஒரு பிரைமர், அதன்மேல் கழுவினாலும் மங்காத எமல்ஷன். அதில் ஆணி அடிப்பதற்குத் தன் மண்டையிலேயே அடித்துவிடலாம் என்பார்.

ஆனால் வீடு மந்திரிப்பு அன்றைக்குத் திருஇருதய ஆண்டவர் சுவரேறியாக வேண்டுமே! பின்னாலேயே வேளாங்கண்ணி மாதா, அந்தோணியார், இராவுணவு, கல்யாண போட்டோ, தலைப்பாகையோடு பாட்டா. அண்ணனிடம் வழி இருந்தது. தான் பராமரிப்பு வேலை பார்த்த ஓட்டலில் கண்ட ரெயில். கூரைக்குச் சற்றுக் கீழே அலுமினியச் சேனல். அதிலிருந்து தொங்கும் கம்பி. கம்பியில் ஏறி இறங்கும் கொக்கி. படத்தை எங்கே நகர்த்தினாலும் சுவரைத் தொட வேண்டாம்.

மீட்டருக்கு 20 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அண்ணன் அதை நம்புகிற ஆளா? மீன் ஏலம் போடுகிறவரின் தராசை இரவல் வாங்கி, புனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்தார். கண்ணாடிச் சட்டத்தோடு இராவுணவுதான் கனம். பன்னிரண்டு சீடர்களும் இருந்தால் கனக்காதா?

கம்பி விஷயத்தில் மட்டும் அவரைக் கிண்டல் செய்ய முடியாது. ஆனி பிறந்தால் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டும். ஊரின் ஜன்னல் கம்பிகளே சாட்சி. 304 ஸ்டீல் இங்கே பழுப்புக் கறை பிடித்துவிடும். மாலிப்டினம் சேர்ந்த 316 தாக்குப்பிடிக்கும். அலுமினியத்தில் சாதா இரும்பு ஸ்குரூ போட்டால் உப்பீரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். திண்ணையில் உட்கார்ந்து இதை விளக்க ஆரம்பித்தாரானால் கேட்பவன் பேருந்தைத் தவறவிடுவான். ஜூன், ஜூலை இழுவை மடித் தடைக்காலத்தில் மட்டும் அவருக்கு நிரந்தரமாக ஆள் கிடைக்கும்.

ஒருநாள் ஒரு பெரியவர், கம்பியோடு அண்ணன் வாங்கி வைத்திருந்த நைலான் ரகக் கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்தார். "தங்கூசிதானலே இது? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு சுருளு சும்மா தந்திருப்பேனே."

"மாமா, இது சிஸ்டம்."

"முடிச்சு எங்க?"

"முடிச்சு கெடையாது, கிளாம்பு."

முடிச்சில்லாத கயிற்றை நம்பி மாதாவைத் தொங்கவிடப் போகிறவனைப் பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

மாட்டுகிற நாளில்தான் வேடிக்கை. மீட்டருக்கு மூன்று கிளிப், ஆக நான்கு மீட்டர் சுவருக்குப் பன்னிரண்டு துளை. டிரில்லிங் மெஷின் அலற, புட்டி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்காததால் இரண்டு துளை கூடுதல். படம் ஆறுதானே, ஆறு ஆணி போதுமே என்று அண்ணி கேட்டாள். "துளை வேற, ஆணி வேற" என்றார் அண்ணன்.

அம்மா இன்னொன்று சொன்னாள். "ஒங்க பாட்டா வீட்டுலயும் இருந்தே மக்கா. சுவரு நெடுக அயினிச் சட்டம், அதுல படங்க சாஞ்சு நிக்கும்." விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் அந்த மரச்சட்டம்தான்; அதில் கொக்கி போட்டுப் படம் தொங்கவிட்டார்கள். அண்ணன் அசரவில்லை: "அது சட்டம்மா. இது சிஸ்டம்."

சிஸ்டத்துக்கும் ஒரு வில்லன் வந்தது, மின்விசிறி. மூன்றில் வைத்தால் ஒற்றைக் கம்பியில் தொங்கும் அந்தோணியார் இடவலமாக ஆடுகிறார். பெரிய படத்துக்கு இரட்டைக் கம்பி போட்டிருக்கிறார், சின்னதுக்கு யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை விசிறி இரண்டைத் தாண்டக் கூடாது. விருந்தாளிகள் வியர்த்துக்கொண்டே காப்பி குடிக்கிறார்கள்.

டிசம்பரில் தினத்தாள் காலண்டர் வந்தது. அதையும் கம்பியில் மாட்டினார். காலையில் அம்மா ஒரு தாளைக் கிழிக்க, காலண்டர் போய் மாதாவை இடித்து, மாதா பாட்டாவை இடித்து, வரிசை முழுக்கக் கடகடத்தது. இப்போது அந்த வீட்டில் தேதி பார்க்க வேண்டுமானால் ஃபிரிட்ஜ் மேலே எட்டிப் பார்க்க வேண்டும்.